வேரைப் பார்க்காமல் மண்ணைக் கலக்காதீர்கள்: மாடித்தோட்டத்து மண் பூச்சிகள்

பக்கத்துத் தெரு அக்கா போன வாரம் தன் தக்காளிச் செடியைக் காட்டினார். காலையில் நிமிர்ந்து நிற்கும், மதியம் துவண்டுவிடும், சாயங்காலம் மறுபடி தெளியும். சத்துக் குறைவு என்று நினைத்து மூன்று வாரமாக மீன் அமிலமும் பஞ்சகவ்யமும் மாற்றி மாற்றி ஊற்றியிருக்கிறார். ஆறு வருடத்துக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். மண்ணில் இருக்கும் பூச்சி, புழு விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாகக் கீழே சொல்கிறேன். தண்ணீரை அளவாக ஊற்றுங்கள் என்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

வாடிய செடியின் மண்ணை மற்ற பைகளில் கலப்பது

நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. வாடிய தக்காளியைப் பிடுங்கி எறிந்தேன், வேரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நல்ல மண்ணாச்சே என்று அதை மற்ற பைகளுக்குப் பிரித்துப் போட்டேன். அடுத்த பட்டத்தில் கத்தரி, வெண்டை, பாகல் என்று 14 பையிலும் செடிகள் குன்றிப்போயின. ஒரு கத்தரியின் வேரைக் கழுவிப் பார்த்தால் இஞ்சி மாதிரி முண்டும் முடிச்சுமாக இருந்தது. வேர்முடிச்சு நூற்புழு! புழு கண்ணுக்குத் தெரியாது, முடிச்சுதான் தெரியும். ஒரு பெண் புழு சில நூறு முட்டை இடும், நம் வெப்பத்துக்கு ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை வந்துவிடும்.

அவரை, தட்டைப்பயறு வேரில் முடிச்சைப் பார்த்ததும் பயந்துவிட வேண்டாம். தழைச்சத்தைப் பிடித்துத் தரும் முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் உதிரும், நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. நூற்புழு முடிச்சு என்பது வேரே வீங்கியது, பிய்த்தால் வேரும் சேர்ந்து வரும்.

சரி, மண்ணை என்ன செய்வது? வேரை எரித்துவிடுங்கள், கம்போஸ்டில் போடாதீர்கள். மண்ணை அரை அடி உயரத்துக்குப் பரப்பி, ஈரமாக்கி, நிறமில்லாத பாலித்தீன் ஷீட்டால் மூடி, ஓரத்தில் காற்றுப் புகாமல் செங்கல் வைத்து, சித்திரை வெயிலில் 4 முதல் 6 வாரம் விடுங்கள். பலர் கறுப்பு ஷீட் போடுகிறார்கள், அதில் ஷீட்தான் சூடாகும், மண் அந்த அளவுக்குச் சூடாகாது. பிறகு பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்து, இரண்டு வாரம் ஈரத்தில் வைத்திருந்து நடுங்கள். அவசரப்பட்டு உடனே நட்டால் நாற்றின் வேர் கருகும்.

மூலையில் ஒரு செண்டுமல்லி

நூற்புழுவைக் குறைக்க இது போதாது. அந்த மண்ணிலேயே நெருக்கமாக இரண்டு மூன்று மாதம் வளர வேண்டும்.

மட்காத சாணம்

வேர்ப்புழுவையும் (வேரைத் தின்னும் வண்டின் புழு, நூற்புழு வேறு) கரையானையும் நாமே அழைத்து வருவது போலத்தான். உதிர்த்தால் பொடியாக வேண்டும், சாண வாடை இருக்கக் கூடாது.

மெட்டாரைசியத்தை உச்சி வெயிலில் ஊற்றுவது

அது வேர்ப்புழுவைக் கொல்லும் உயிருள்ள பூஞ்சை. சாயங்காலம் ஈர மண்ணில் ஊற்றுங்கள், காப்பர் மருந்து போட்ட மண்ணில் வேண்டாம். வேர்ப்புழு மறுநாளே சாகாது, வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும்.

வெட்டுப்புழுவைப் பகலில் இலையில் தேடுவது

இரவில் டார்ச்சோடு போங்கள். இல்லையென்றால் காலையில், அறுபட்ட தண்டைச் சுற்றி ஓர் அங்குலம் கிளறுங்கள், சுருண்டு படுத்திருக்கும்.

கழுவாத மண் கரண்டி

நூற்புழு இருந்த பையில் தோண்டிய கரண்டியைக் கழுவிவிட்டே அடுத்த பையைத் தொடுங்கள்.