துணிக்கூரை ஜீப்பைப் பூட்டிவிட்டுப் போகும்போது நாம் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டினால் வரும் மலேசியாவின் ஜோகூர் பாருவில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வெளியே நண்பரின் துணிக்கூரை ஜீப் ராங்ளர் நின்றிருந்தது. நான்கு கதவுகளும் பூட்டியது பூட்டியபடியே இருந்தன. பின்பக்கத்துப் பிளாஸ்டிக் ஜன்னலில், ஜிப்பை ஒட்டி, ஒரு முழ நீளத்துக்கு நேரான வெட்டு. பையைக் காணோம். அதில் இருந்ததெல்லாம் தெசாரு கடலில் நனைந்த துணியும் பிள்ளையின் நீச்சல் கண்ணாடியும்தான். ஜன்னலை மாற்ற ஆன செலவோ அதைப்போலப் பல மடங்கு. “அலாரம் ஏன் அடிக்கல?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் வண்டி அலாரம் கதவைத் திறந்தால்தான் அடிக்கும். கிழித்துக் கையை விட்டு எடுப்பவன் கதவைத் தொடவே இல்லையே.

பூட்டிவிட்டால் பத்திரம் என்று நம்புவதுதான் முதல் தவறு. துணிக்கூரை மழையையும் வெயிலையும் தடுக்கும், கத்தியைத் தடுக்காது. பையின் மேல் துண்டைப் போட்டு மூடினால், இங்கே ஏதோ இருக்கிறது என்று நாமே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கூரையாவது கிழியாமல் இருக்கட்டும், கதவைப் பூட்டாமலே விடு என்று சொல்கிற பழைய ஜீப்காரர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. திருடன் சாவகாசமாக உட்கார்ந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே கைவைக்க அது வசதி. காப்புறுதி நிறுவனமும் வண்டி பூட்டியிருந்ததா என்று கேட்கும். நான் பூட்டிவிடுவேன், ஆனால் உள்ளே எதையும் வைக்கமாட்டேன். டாஷ்போர்டு அறையைத் திறந்தே போட்டுவிடுவேன், எட்டிப் பார்ப்பவனுக்குக் காலியாக இருப்பது தெரியட்டும். சாலைக் கட்டணத்துக்கான காசு அட்டையும் டச் அண்ட் கோ அட்டையும் என் சட்டைப்பையில்தான். வைத்தே ஆக வேண்டிய பொருள் இருந்தால், தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டி வாங்குங்கள். இரண்டு இருக்கைகளுக்கு நடுவே உள்ள பெட்டிக்குச் சாவிப் பூட்டு இருப்பதே பல ராங்ளர்காரர்களுக்குத் தெரியாது.

அடுத்தது அலாரம். உள்ளே அசைவைக் கண்டுபிடிக்கும் சென்சாரைச் சாதாரணக் காரில் வைப்பதுபோல வைத்தால், காற்றில் துணி படபடக்கும்போதெல்லாம் அலறும். ஒரு வாரத்தில் நாமே அணைத்துவிடுவோம், அப்புறம் மறந்தும்விடுவோம். அதிர்வையும் சாய்வையும் உணர்கிற வகையை, உணர்திறனைக் கூட்டிக் குறைக்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். சைரனுக்குத் தனி பேட்டரி இருக்கட்டும். ராங்ளரின் பானெட்டை வெளியிலிருந்தே பக்கக் கொக்கிகளைக் கழற்றித் திறந்துவிடலாம். பேட்டரி கம்பியைக் கழற்றினால் அலாரத்தின் கதை அதோடு முடிந்தது. பானெட்டுக்குத் தனிப் பூட்டு கிடைக்கிறது, விலையும் பெரிதில்லை. கட்டாயம் போடுங்கள்.

முழு வண்டியும் களவுபோகும் என்று சிங்கப்பூரில் நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை. தரைவழியே வெளியேற உட்லண்ட்ஸ், துவாஸ் என்று இரண்டே வழி, இரண்டிலும் சோதனைச் சாவடி. ஆனால் வார இறுதியில் மண்பாதை தேடி நாம் போவது ஜோகூருக்குத்தானே? அங்கே வண்டியிலேயே வரும், சரியான சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளப்பவிடாத இம்மொபிலைசரை மட்டும் நம்பாதீர்கள். கூரையைக் கிழித்து உள்ளே வந்தவன் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும், வண்டியின் கணினியோடு இணைக்கும் ஓபிடி சாக்கெட்டில் கருவியைச் செருகிப் புதுச் சாவியைப் பதிவு செய்யப் பார்ப்பான். அந்தச் சாக்கெட்டுக்கு ஒரு மூடிப் பூட்டு, ஸ்டீயரிங்கில் பளிச்சென்று தெரியும் இரும்புத்தடி, எரிபொருள் பம்ப்பை நிறுத்தும் மறைவான சுவிட்ச், இந்த மூன்றும் சேர்ந்தால் அவனுக்கு நேரம் பிடிக்கும். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதை வண்டி கழுவும் பையனிடம்கூடச் சொல்லாதீர்கள்.

ஜிபிஎஸ் டிராக்கர் மாட்டியிருப்பவர்கள் ஒன்றைச் சரிபாருங்கள்: அதிலுள்ள சிம்முக்கு ரோமிங் இருக்கிறதா? இல்லாவிட்டால் பாலம் தாண்டியதும் அது ஊமையாகிவிடும்.

பொத்தானை அழுத்திக் கிளப்புகிற வண்டியென்றால் சாவியின் சிக்னலையே பிடித்து நீட்டி ஏமாற்ற முடியும். வீவக அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு வண்டி தள்ளிக் கார்பார்க்கில் நிற்பதால் ஆபத்து குறைவு. தரைவீட்டில், வாசலில் வண்டியும் செருப்பு அலமாரி மேல் சாவியும் இருந்தால் கஷ்டம். சிக்னலைத் தடுக்கும் பையில் போட்டு வையுங்கள். காப்பிக்கடை மேசையிலும் சாவியை அந்தப் பையோடே வையுங்கள்.

பின்னால் தொங்கும் ஸ்பேர் டயருக்கு ஒரு பூட்டு நட்டு போதும்.

கூரை ஜிப்பில் மண் ஏறி இறுகிவிட்டது என்று பாதி மூடிவிட்டுப் போவது கெட்ட பழக்கம். மண்பாதை போய் வந்ததும் பழைய பல் துலக்கும் பிரஷால் பல்லுப் பல்லாகத் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் சிலிகான் தடவுங்கள். ஒரே இழுப்பில் கடைசிவரை மூடும்.

இத்தனைக்கும் மேல் ஜோகூரில் ஏதாவது போய்விட்டால், அங்கேயே போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலை வாங்கிக்கொண்டு பாலம் ஏறுங்கள். நண்பர் அதைச் செய்யாமல் வந்துவிட்டார். காப்புறுதிக்காக அடுத்த நாள் லீவு போட்டு மறுபடி போக வேண்டியதாயிற்று.