இளவரசியைக் காப்பாற்றும் முன்: சரித்திரக் கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் கதையின் முதல் அத்தியாயத்தில் இளவரசி கண்டி வாவிக்கரையில் உட்கார்ந்து அழுதாள். முழுநிலா, தண்ணீரில் நடுங்கும் அரண்மனை விளக்குகள், தூரத்தில் முரசு. இரண்டு கிழமை மினக்கெட்டு எழுதிய காட்சி. வெள்ளவத்தை வீட்டு மொட்டைமாடியில் வைத்துப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கண்டியில் பிறந்து வளர்ந்தவர். "இது எந்த வருசம் நடக்குது?" என்று கேட்டார். 1594 என்றேன். "அப்ப அதில வயல் எல்லோ இருந்திருக்கும்" என்றார்.

உண்மைதான். வாவியைக் கட்டுவித்தவர் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1807 வாக்கில். என் இளவரசி இருநூறு வருடம் முந்திப் போய் அதன் கரையில் அழுதுவிட்டாள். அன்றைக்குத்தான் என் கைப்பிரதியை முதல் பக்கத்திலிருந்து சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினேன். அதற்குப் பிறகு நண்பர்கள் எழுதிய கதைகளையும் அதே கண்ணோடு வாசித்தேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் வழுக்குகிறோம்.

நான் எழுத எடுத்தது குசுமாசன தேவியின் கதை. கண்டி மன்னன் கரலியத்த பண்டாரவின் மகள். 1582இல் சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் கண்டியைப் பிடித்தபோது தகப்பன் சின்னக் குழந்தையையும் கொண்டு திருகோணமலைப் பக்கம் ஓடினார். அங்கே பெரியம்மை வந்து இறந்துபோனார். பிள்ளையைப் போர்த்துக்கேயர் மன்னாரில் வைத்து வளர்த்தார்கள். ஞானஸ்நானம் கொடுத்து டோனா கத்தரினா என்று பெயரிட்டார்கள். 1594இல் அவளைக் கண்டிக்கு அரசியாக்குவோம் என்று பெரிய படையோடு மலை ஏறினார்கள். படை அழிந்தது. அவள் எதிராளி முதலாம் விமலதர்மசூரியனின் கையில் விழுந்து, அவருக்கே மனைவியானாள்.

இப்படி ஒரு கதை கையில் இருக்க, நாங்கள் முதலில் செய்யும் காரியம் பிள்ளையின் கையில் ஒரு வாளைக் கொடுப்பது. பத்தாம் பக்கத்தில் மரத்தடியில் வாள் பயிற்சி, இருபதாம் பக்கத்தில் ஆண் வேடம், முப்பதாம் பக்கத்தில் குதிரை. பெண்ணைப் பலவீனமாகக் காட்டக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அவள் ஏன் ஆபத்தில் இருக்கிறாள் என்று யோசிக்காததால் வரும் வாள் அது.

கொழும்பில் காணி வாங்கி விற்றவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். அவள் ஒரு காணி உறுதி மாதிரி. கண்டியின் பழைய அரச பரம்பரையின் உரிமை அவள் இரத்தத்தில் இருந்தது. போர்த்துக்கேயருக்கு அவளைக் காட்டித்தான் கண்டியைக் கேட்க முடியும். விமலதர்மசூரியன் வாளால் சிம்மாசனத்தைப் பிடித்தவர். அவளை மணந்தால்தான் அந்தப் பிடி உரிமையாக மாறும். ஆகவே அவளைக் கொல்ல ஒருவருக்கும் காரணம் இல்லை, வைத்திருக்க எல்லோருக்கும் காரணம் இருந்தது. உறுதியை யாராவது கிழிப்பார்களா? பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள்.

இது விளங்கினால் காட்சிகளே மாறிவிடும். இருட்டில் பதுங்கி வரும் கொலைகாரனைவிட, அவள் அறைக் கதவோரம் இன்றைக்கு யார் படுக்கிறார்கள் என்பது பெரிய விஷயமாகிவிடும். நேற்றுவரை இருந்த தாதியை ஏன் மாற்றினார்கள்? பாவசங்கீர்த்தனம் கேட்க வரும் பாதிரியார் அவள் சொன்னதை யாரிடம் கொண்டுபோகிறார்? அப்புறம், மகன் பிறந்ததும் உரிமை மகனுக்குள்ளும் போய்விடுகிறது. பெட்டியில் இப்போது இரண்டு உறுதிகள். அதுவரை எல்லோருக்கும் தேவைப்பட்டவள் அதற்குப் பிறகு எவ்வளவு தேவை? ஒரு தாய்க்கு இதைவிடப் பயங்கரமான கணக்கு இருக்க முடியாது. இந்த இடத்தை எழுதாமல் வாள்சண்டைக்குப் பக்கம் ஒதுக்குவது சும்மா காகிதச் செலவு.

சூழ்ச்சி என்றாலே நஞ்சுக் கிண்ணமும் சுரங்கப்பாதையும் என்று நினைப்பது அடுத்த பிழை. 1594இல் உண்மையில் நடந்ததைப் பாருங்கள். போர்த்துக்கேயத் தளபதி பேரோ லோப்பஸ் டி சூசா கண்டி நகரைப் பிடித்துவிட்டார். அவர் படையில் பெரும்பகுதி லஸ்கரின்கள், அதாவது உள்ளூர் வீரர்கள். அவர்களை அவர் பக்கம் கட்டிவைத்திருந்தது ஜயவீர பண்டார என்ற தலைவனின் கை. விமலதர்மசூரியன் அந்தத் தலைவனுக்கு எழுதியதுபோல் ஒரு கடிதம் போர்த்துக்கேயரிடம் அகப்பட்டது, அகப்படும்படி செய்யப்பட்டது. 'எல்லாம் பேசியபடி நடக்கட்டும்' என்ற தோரணையில் ஒரு கடிதம். தளபதி நம்பினார். ஜயவீர கொல்லப்பட்டார். லஸ்கரின்கள் கூட்டம் கூட்டமாகக் கழன்று போனார்கள். மிஞ்சிய படை பின்வாங்கும்போது தந்துரேயில் வைத்து முடித்துக் கட்டினார்கள்.

இதில் ஒரு துளி நஞ்சு இல்லை. அந்நிய நாட்டில் நிற்கும் ஒரு தளபதிக்கு எதில் பயம், யாரைப் பற்றிச் சொன்னால் உடனே நம்புவார் என்று ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். சூழ்ச்சிக் காட்சி எழுதும்போது அந்தக் கணக்கு வாசகருக்கும் தெரிய வேண்டும். வில்லன் தூணுக்குப் பின்னால் நின்று தன் திட்டத்தைக் கூட்டாளிக்கு ஒப்பிப்பதும், அதை இளவரசியின் தோழி ஒட்டுக்கேட்பதும் வேண்டாம். எத்தனை கதையில்தான் அந்தத் தோழி தூணோடு நிற்பாள், பாவம். இளவரசிக்குக் கடிதம் பற்றி எதுவும் தெரியாமலே இருக்கட்டும். நேற்றுவரை கூடாரத்துக்கு வெளியே கேட்ட பேச்சுக்குரல்கள் இன்று குறைந்திருக்கின்றன. சமையல் அடுப்புகளில் பாதியில் புகை இல்லை. வாசகருக்குக் கடிதம் தெரியும், அவளுக்கு அடுப்பு மட்டும் தெரியும். பயம் அந்த இடைவெளியிலிருந்து வரும்.

பெயர் விஷயம் சின்னதாகத் தோன்றும், ஆனால் கதை முழுக்க அதில் தொங்குகிறது. குசுமாசன தேவிதான் டோனா கத்தரினா. விமலதர்மசூரியன் அதற்கு முன் கொனப்பு பண்டார. கொழும்பில் போர்த்துக்கேயரோடு இருந்த காலத்தில் டொம் ஜோவாவோ. அவளோடு மன்னாருக்குப் போன உறவினன் யாமசிங்க பண்டார அங்கே டொம் பிலிப். அவனைத்தான் முதலில் கண்டிக்கு அரசனாக்கினார்கள். கொஞ்ச நாளில் திடீரென்று இறந்தான், சந்தேகம் கொனப்பு பண்டார மேல் விழுந்தது. பல கதைகளில் இந்தக் குழப்பத்துக்குப் பயந்து ஒருவருக்கு ஒரு பெயரை மட்டும் வைத்து மற்றதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அது நட்டம். அவளை யார் எந்தப் பெயரால் கூப்பிடுகிறார் என்பதே அவர் எந்தப் பக்கம் என்பதற்குச் சாட்சி. பாதிரியார் "கத்தரினா" என்பார். கண்டிப் பிரதானி ஒருவர் அதே பெயரால் கூப்பிட்டால் மண்டபமே ஒரு கணம் அமைதியாகிவிடும்.

பேச்சுமொழிக்கு வருவோம். எங்களில் பலர் பழைய தொடர்கதைகளின் அரண்மனைத் தமிழில் வளர்ந்தவர்கள். "தேவி, தங்கள் சித்தம் என் பாக்கியம்" என்று எழுத கை தானாகப் போகும். 16ஆம் நூற்றாண்டுக் கண்டி சோழர் சபை இல்லையே. நாயக்கர் வம்சம் அங்கே அரியணை ஏறியதே 1739இல். இந்தக் கதையின் ஆட்கள் பேசுவது சிங்களமும் போர்த்துக்கேயமும். நாம் அதைத் தமிழில் கேட்கவைக்கிறோம். அதற்குச் சாதாரணமான, மரியாதை குறையாத தமிழ் போதும். அதிகாரம், திசாவை, முதலி என்ற பதவிப் பெயர்களை அப்படியே விடலாம், இங்கே வாசிப்பவர்களுக்கு அவை அந்நியமில்லை. ஆனால் ஒன்று: இவள் வளர்ந்தது மன்னாரில். கோட்டைக்குள் போர்த்துக்கேயம் என்றால் வெளியே மீன்காரரும் வேலைக்காரரும் பேசியது தமிழ்தானே. அவளுக்குத் தமிழ் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது. கண்டிக்கு வந்த 'எங்கள் இளவரசி' தன் சனங்களின் சிங்களத்தைத் தட்டுத்தடுமாறிப் பேசியிருந்தால்? இது என் ஊகம். ஆனால் கதைக்காரருக்கு இப்படி ஒரு ஊகம் கிடைப்பது அதிர்ஷ்டம்.

சபையில் வார்த்தைக்கு என்ன விலை என்பதற்கு 1603இல் நடந்த ஒன்றைச் சொல்லலாம். ஒல்லாந்தத் தளபதி செபால்ட் டி வேர்ட்டும் மன்னர் விமலதர்மசூரியனும் மட்டக்களப்புப் பக்கம் சந்தித்தார்கள். ராணி தனியே இருக்கிறாள், திரும்பிப் போக வேண்டும் என்றாராம் மன்னர். அதற்குத் தளபதி குடிபோதையில் ராணியைப் பற்றி ஒரு கேவலமான பதில் சொன்னாராம். ஒல்லாந்தர் குறிப்புகள் சொல்லும் கதை இது. தளபதி அங்கேயே கொல்லப்பட்டார், கூட வந்தவர்களும் தப்பவில்லை. நம் கதைகளில் வேலைக்காரி முதல் தூதுவன்வரை எல்லோரும் மன்னரிடம் எதிர்ப்பேச்சுப் பேசிவிட்டு நலமாக வீடு திரும்புகிறார்கள்.

பொருட்களைப் பற்றி நிறையச் சொல்லலாம், மூன்றோடு நிறுத்துகிறேன். கொழும்பு நூதனசாலையில் கண்டிச் சிம்மாசனத்தைப் பார்த்துவிட்டு வந்து அதையே வர்ணித்து எழுதியவர்களில் நானும் ஒருவன். அது 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்த அன்பளிப்பு. முதலாமவர் அதில் உட்கார்ந்திருக்க வழியே இல்லை. தேத்தண்ணியை மறந்துவிடுங்கள், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலைத் தோட்டம் போட்டது 1867இல். மிளகாய் போர்த்துக்கேயர் காலத்தில் கடல் கடந்து வந்த சரக்கு, ஆகவே கண்டிச் சமையலறையில் காரத்துக்கு மிளகுதான் பாதுகாப்பு. செத்தல் மிளகாய் இல்லாத சம்பலைக் கற்பனை செய்வது ஒரு கொழும்புத் தமிழனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

உடுப்பு இன்னும் சுவாரசியம். நம் ஓவியர்கள் அவளுக்கு ஒட்டியாணமும் நெற்றிச்சுட்டியும் போட்டுவிடுவார்கள். 1602இல் கண்டிக்கு வந்த ஒல்லாந்தர் யோரிஸ் வான் ஸ்பில்பெர்கன் ராணியையும் பிள்ளைகளையும் கண்டது கிறிஸ்தவர்களைப் போன்ற உடையில். திருமணமாகி எட்டு வருடத்துக்குப் பிறகும்! புத்தரின் தந்தத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்து மாளிகை கட்டிய மன்னரின் வீட்டுக்குள் இந்த உடை. இது அவள் விருப்பமா, விருந்தாளிக்குக் காட்டும் வேடமா? ஒரு முழு அத்தியாயம் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

காதல் பற்றிக் கண்டிப்பாகவே சொல்லிவிடுகிறேன். 1582இல் சின்னக் குழந்தை என்றால் 1594இல் அவளுக்கு என்ன வயது இருக்கும் என்று விரல்விட்டு எண்ணுங்கள். யுத்தத்தில் பிடிபட்ட ஒரு சிறுபிள்ளையை வென்றவர் மணந்தார். இதை முதல் பார்வையில் மலர்ந்த காதல் என்று எழுதும் கைப்பிரதிகளை நான் பாதியில் மூடிவிடுகிறேன். பின்னாளில் அவர்களுக்கிடையில் ஏதோ ஒரு பழக்கம், ஏன் பாசமும், வந்திருக்கலாம். அதை எழுதலாம், பல வருடங்களைக் கடந்து, மெதுவாக.

ஆதாரம் தேடும்போது ஒரே ஆளை நம்பிவிடாதீர்கள். போர்த்துக்கேயரின் இலங்கை வரலாற்றைக் குவெய்ரோஸ் பாதிரியார் கோவாவிலிருந்து எழுதியது 1680களில். அவர் எழுதும்போது நம் இளவரசி இறந்து எழுபது வருடத்துக்கு மேல். ஸ்பில்பெர்கன் நேரில் கண்டவர், ஆனால் விருந்தாளி. அவள் தானே எழுதிய ஒரு வரிகூட இல்லாமல்தான் இந்தக் கதையை எழுத வேண்டியிருக்கிறது.

எங்கே முடிப்பது என்பதிலும் சறுக்குகிறோம். பெரும்பாலான கதைகள் 1594 திருமணத்தோடு சுபம் போட்டுவிடுகின்றன. 1604இல் விமலதர்மசூரியன் இறந்தார். துறவியாக இருந்து வெளியே வந்த உறவினர் செனரத் அரசராகி அவளை மணந்தார். அதே உறுதி, புதிய கை. 1612இல் அவளுடைய மூத்த மகன் இறந்தான். செனரத் மேல் சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். அடுத்த வருடமே அவளும் போய்விட்டாள். செனரத்துக்கு அவள் பெற்ற மகன்தான் பிறகு இரண்டாம் இராஜசிங்கனாக நீண்டகாலம் ஆண்டவர். மன்னாரில் தொடங்கி இவ்வளவு தூரம் வந்தவளைக் கல்யாண மண்டபத்தில் விட்டுவிட்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதல் அத்தியாயத்தைத் திருத்தி மறுபடியும் பெரியம்மாவிடம் கொண்டுபோனேன். வாவி இல்லை, சிம்மாசனம் இல்லை, வாளும் இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தவர் இடையில் நிறுத்தினார்.

"மன்னாரில வளர்ந்த பிள்ளை எல்லோ? அந்த வெயில்ல இருந்து வந்து மலைக் குளிர்ல முதல் ராத்திரி எப்பிடிப் படுத்தாள்? ஆர் போர்வை குடுத்தது?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது அத்தியாயம் அந்தப் போர்வையில்தான் தொடங்குகிறது. கொடுத்தவள் யார் ஆள் என்பதை ஐந்தாம் அத்தியாயம் வரைக்கும் நான் சொல்லப்போவதில்லை.