சூப்பர்சார்ஜர் இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டதா? ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள்

சீ-டூ என்கிற ஜெட் ஸ்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. சவாரி முடிந்து உள்ளே குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவும்போது முதலில் இன்ஜினை ஓட்ட வேண்டும், பிறகு தண்ணீரைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு இன்ஜின். எனக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தும், கனடாவின் ஒன்டாரியோவில் இருக்கும் சிம்கோ ஏரியிலிருந்து வீடு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், களைப்பில் தோட்டக்குழாயைச் சொருகித் திறந்துவிட்டு, சாவியை எங்கே வைத்தேன் என்று வீட்டுக்குள் தேடப் போய்விட்டேன். திரும்பி வந்து பட்டனை அழுத்தினால் ‘டொக்’. அதோடு நின்றுவிட்டது.

அந்தக் குழாய்த் தண்ணீர் புகைபோக்கியைக் குளிர வைப்பதற்காகப் போவது. இன்ஜின் ஓடினால் புகை அதைப் பின்னால் தள்ளிவிடும். ஓடாவிட்டால் தண்ணீர் நிரம்பிக்கொண்டே வந்து, திறந்திருக்கும் வால்வு வழியாக சிலிண்டருக்குள் இறங்கிவிடும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அந்த ‘டொக்’ பிஸ்டன் தண்ணீர்மேல் மோதிய சத்தம். ‘இன்னொரு தடவை பார்ப்போம்’ என்று மறுபடி அழுத்துகிறவர்கள்தான் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடை வளைத்துக்கொள்கிறார்கள்.

நான் சொல்வதெல்லாம் ரோடாக்ஸ் 1503 4-டெக் இன்ஜினை வைத்து. 1494 சிசி, மூன்று சிலிண்டர். காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜரோடு 2003-இல் 185 குதிரைத்திறன், அடுத்த வருடமே 215. ஜெட் ஸ்கியில் மட்டுமல்ல, ஸ்பீட்ஸ்டர், சேலஞ்சர் மாதிரியான ஜெட் படகுகளிலும் இது உண்டு. சீ-டூவைத் தயாரிக்கும் பிஆர்பி அந்தப் படகுகளைச் செய்வதை 2012-இல் நிறுத்திவிட்டதால் இன்று கிடைப்பதெல்லாம் பழையவை, அதனால் இந்த வேலை எப்போதாவது உங்கள் தலையிலும் விழும்.

1. தண்ணீரை வெளியே எடுப்பது

முதலில் படகின் அடியைப் பாருங்கள். தண்ணீர் நின்றால், டிரெய்லரின் முன்பக்கத்தைத் தூக்கி, பின்னால் இருக்கும் வடிகால் மூடிகளைக் கழற்றி வடியுங்கள். எவ்வளவு உயரம் நின்றது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும். இருக்கையைத் திறந்து காற்றாட விடுங்கள். பெட்ரோல் வாசனை போகும்வரை மேற்கொண்டு எதுவும் வேண்டாம்.

தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் மூன்று காயில்களையும் உருவி எடுத்து, ஸ்பார்க் பிளக் குழியில் இருக்கும் மணலை ஊதிவிட்டு, பிளக்குகளைக் கழற்றுங்கள். எந்த பிளக் எந்த சிலிண்டர் என்று வரிசையாக வையுங்கள். ஒன்று மட்டும் நனைந்திருந்தால் அதுவே ஒரு துப்பு.

இனி கிராங்க் செய்ய வேண்டும், அதாவது ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுற்ற வேண்டும், ஆனால் பெட்ரோலும் தீப்பொறியும் வரக்கூடாது. சீ-டூவில் இதற்கென்றே ‘டிரவுண்டு மோட்’ இருக்கிறது: சாவியை மாட்டி, த்ராட்டிலை முழுவதும் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டை அழுத்தினால் இன்ஜின் வெறுமனே சுற்றும். பிளக் ஓட்டைகள்மேல் பழைய துண்டு ஒன்றைப் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பீறிட்டு அடிக்கும். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் வேண்டாம், ஸ்டார்ட்டர் சூடாகும், நடுவில் ஆறவிடுங்கள்.

துண்டு நனையாமல் வர ஆரம்பித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், சூப்பர்சார்ஜர் இன்ஜினில் தண்ணீர் ஒளிந்துகொள்ள இன்னும் இடம் இருக்கிறது. சூப்பர்சார்ஜரிலிருந்து, அமுக்கிய காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் காற்றுக் குழாய்களைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். இதைச் செய்யாமல் ஸ்டார்ட் செய்தால், அங்கே தேங்கியதை இன்ஜின் அப்படியே குடிக்கும்.

அப்புறம் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஃபாகிங் ஆயிலை (துருப் பிடிக்காமல் காக்கும் ஸ்ப்ரே எண்ணெய்) நன்றாக அடித்து, ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் இதை அன்றைக்கே செய்தாக வேண்டும். நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் சிலிண்டர் சுவரில் துரு பிடித்துவிடும்.

2. எங்கிருந்து வந்தது?

பலரும் நேராக ஆயில் மாற்றப் போய்விடுகிறார்கள். காரணம் தெரியாமல் மாற்றிய ஆயில் அடுத்த சவாரியிலேயே பால் டீ நிறத்துக்கு வந்துவிடும், காசுதான் தண்டம்.

இந்த இன்ஜினின் உடம்பைக் குளிர வைப்பது ஏரித் தண்ணீர் இல்லை, காரில் இருப்பது போல மூடிய சுற்றில் ஓடும் கூலன்ட். ஏரித் தண்ணீர் போவது புகைபோக்கிக்கும் இன்டர்கூலருக்கும்தான். ஆகவே முதலில் கூலன்ட் பாட்டிலைப் பாருங்கள். அளவு குறைந்து, ஆயில் கலங்கியிருந்தால் சிலிண்டர் மூடிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டையோ ஆயில் கூலரையோ சந்தேகப்படுங்கள். (ருசி பார்க்காதீர்கள், கூலன்ட் விஷம்.) அளவு குறையவில்லை என்றால் தண்ணீர் வெளியிலிருந்து வந்திருக்கிறது.

வெளியிலிருந்து என்றால் வழிகள் சில. என்னைப் போலக் குழாயை முதலில் திறந்தது. நின்றுபோன வண்டியை இன்னொரு படகு வேகமாக இழுத்து வந்தது. இழுக்கும்போது மெதுவாக வர வேண்டும், இல்லை தண்ணீர் வரும் குழாயைக் கிளிப் போட்டு அடைக்க வேண்டும். கவிழ்ந்ததைத் தப்பான பக்கமாகப் புரட்டியது. சரியான திசை பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். வடிகால் மூடியை மறந்தோ, டிரைவ் ஷாஃப்ட் வெளியே போகும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் கார்பன் வளையம் தேய்ந்தோ படகுக்குள் நீர் ஏறி, காற்று இழுக்கும் வாய்வரை வந்தது. முன்னே ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன உயரம் இதற்குத்தான்.

இதில் எதுவுமே நடக்கவில்லை, ஆனாலும் ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் ஆயில் வெளுக்கிறது என்றால், குற்றவாளி பெரும்பாலும் இன்டர்கூலர். ஆரம்ப வருட மாடல்களில் அது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கும், ஓட்டை விழுந்தால் தண்ணீர் நேராக சிலிண்டருக்குத்தான். கடலில் ஓடியவற்றில் உப்பு அரிக்கும். எங்கள் ஒன்டாரியோ பக்கம், குளிர்காலத்துக்கு முன் ஆன்டிஃப்ரீஸ் விடாமல் நிறுத்தினால், உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் உறைந்து பிளந்துவிடும். சோதனை எளிது: இரண்டு தண்ணீர்க் குழாய்களையும் கழற்றி, ஒரு வாயை அடைத்து, மறு வாயில் அளவுமானி வைத்த சைக்கிள் பம்பால் 10 பிஎஸ்ஐ ஏற்றி, கால் மணி நேரம் விடுங்கள். முள் இறங்கினால் மாற்றுங்கள். ஒட்டுப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு வெளியே ஒன்று பொருத்திக்கொள்கிறவர்கள் நிறைய, எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

3. அடி பட்டதா?

சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தத்துக்கு அமுக்கப்படுகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் ஒன்றை வாங்கியோ இரவல் வாங்கியோ வையுங்கள். மூன்று பிளக்கும் கழற்றிய நிலையில், டிரவுண்டு மோடிலேயே அளக்கலாம், த்ராட்டில் எப்படியும் முழுவதும் திறந்துதானே இருக்கிறது. சூப்பர்சார்ஜர் இன்ஜினில் கம்ப்ரஷன் விகிதமே குறைவு, இதில் 8.4-க்கு 1. அதனால் சாதாரண இன்ஜின் எண்ணோடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள், மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி அளங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ராடு. ராடு வளைந்ததா என்று பார்க்க, உறுதியான மெல்லிய மரக்குச்சியை பிளக் ஓட்டையில் விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வரும் உயரத்தை மூன்றிலும் குறித்துப் பாருங்கள். ஒன்று தாழ்ந்து நின்றால் இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான், அது புதியவர் வேலை இல்லை.

சூப்பர்சார்ஜரையும் கழற்றி, அதன் காற்றுச் சக்கரமான இம்பெல்லரைக் கையால் அசையுங்கள். ஆட்டம் இருந்தாலோ, கரகரவென்று சுற்றினாலோ பேரிங் போயிருக்கிறது. பழைய மாடல்களில் அதன் கிளட்ச்சில் செராமிக் வாஷர்கள் இருக்கும். உடைந்தால் துண்டுகள் இன்ஜினுக்குள் போகும். கழற்றியது கழற்றிவிட்டீர்கள், எஃகு வாஷராக மாற்றிவிட்டே மாட்டுங்கள்.

4. ஆயில்

டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) குழாய் வழியாக உறிஞ்சு பம்பால் எடுங்கள். ஒரு தடவையில் சுமார் 3 லிட்டர்தான் வரும், மீதி உள்ளேயே கலங்கிக் கிடக்கும், அதனால் மூன்று நான்கு தடவை மாற்றத் தயாராக இருங்கள், ஒவ்வொரு தடவையும் ஃபில்டரோடு. சூப்பர்சார்ஜரின் கிளட்ச் இந்த ஆயிலில்தான் நனைகிறது. வழுக்கல் கூட்டும் கார் ஆயிலை ஊற்றினால் அது நழுவும், உரிய ஆயிலையே ஊற்றுங்கள்.

பிளக்குகள் புதிதாகப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் முதலில், தண்ணீர் பிறகு! ஃபாகிங் ஆயிலால் வெள்ளைப் புகை மூட்டம் போடும், பயப்பட வேண்டாம். தரையில் சில நிமிடங்களுக்கு மேல் ஓட்டாதீர்கள், பின்னால் இருக்கும் கார்பன் வளையத்துக்கு அங்கே தண்ணீர் கிடைக்காது. அந்தச் சில நிமிடத்தில் ஆயில் போதுமான அளவு சூடாகாது என்பதால், முதல் மாற்றம் முடிந்ததும் நான் படகுத்துறைக்குக் கொண்டுபோய், டிரெய்லரோடு தண்ணீரில் இறக்கிக் கட்டி வைத்தே பத்து நிமிடம் ஓட்டினேன். திரும்ப மாற்றினேன். மூன்றாவது தடவை வெளுப்பு லேசாக இருந்தது, நான்காவதில் ஆயில் ஆயிலாக வந்தது. அதற்கப்புறம் முதல் நாலைந்து சவாரிக்கு, கரைக்கு வந்ததும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் டிரெய்லரில் ஏற்றினேன்.