மூச்சுவிடும் பிலிம்: புதிதாக இறங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கார்த்திகையில் இரண்டு பொடியன்கள் மோட்டார்சைக்கிளில் ஒரு பிலிம் றோலைக் கட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார்கள். அடைமழை. றோல் நனையக்கூடாது என்று தங்கள் மழைக்கோட்டைக் கழற்றி அதற்குப் போர்த்தியிருந்தார்கள். இருவரும் தெப்பமாக நனைந்து நின்றார்கள்.

"ஐயா, பிலிம் முழுக்க ஓட்டை ஓட்டையா விழுது."

நான் றோலைப் பிரிக்கவேயில்லை. சுண்ணாம்பு மாவும் பொலித்தீனும் கலந்து மணியாக வரும் மாஸ்டர்பாட்சைத்தான் விசாரித்தேன். "மாஸ்டர்பாட்ச் பையை எங்க வைச்சிருந்தனீங்கள்?"

"யன்னலுக்குப் பக்கத்தில."

"திறந்தோ?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செய்து முடித்த றோலுக்கு மழைக்கோட்டு, செய்யப்போகும் சரக்குக்குத் திறந்த யன்னல்! சிரிக்க எனக்கு உரிமையில்லை. இருபது வருடங்களுக்கு முன் வளைகுடாவில் ஒரு தொழிற்சாலையில் இதைவிட மோசமாக நானே செய்திருக்கிறேன். யாழ்ப்பாணம் திரும்பி மூன்றடுக்குப் பிலிம் வார்க்கும் மெசின் ஒன்றைப் போட்ட பிறகு என்னைத் தேடி வருகிறவர்களும் அதே குழியில்தான் விழுகிறார்கள். சூடேறுமுன் திருகைச் சுழற்றாதே, கையுறை போடு என்பதெல்லாம் மெசினோடு வரும் புத்தகத்தில் இருக்கிறது. அவற்றை இங்கே எழுதவில்லை.

முதலில் சரக்கைப் பற்றிக் கொஞ்சம். குழந்தைகளின் டயப்பருக்கு வெளித்தோலாக வருவது இந்த மூச்சுவிடும் பிலிம்தான். அதன் எடையில் ஏறத்தாழப் பாதி கல்சியம் காபனேற்று, மீதி பொலித்தீன். காங்கேசன்துறையில் சீமெந்துக்காகத் தோண்டினார்களே, அந்தச் சுண்ணாம்புக்கல் இனந்தான். ஆனால் 1, 2 மைக்ரோன் அளவுக்கு அரைத்து, ஸ்டியரிக் அமிலம் பூசி வரும். இரண்டையும் கலந்து உருக்கி, மெல்லிதாக வார்த்து, பிறகு இழுக்க வேண்டும். இழுக்கும்போது ஒவ்வொரு துகளையும் விட்டுப் பொலித்தீன் விலகும். அந்த இடைவெளிகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் நீராவிக்கு வழி கிடைக்கும், தண்ணீர் நுழையாது. நீத்துப்பெட்டியில் பிட்டு அவிப்பது போலத்தான். ஆவி ஏறும், மா கொட்டாது.

ஈரத்தைச் சின்ன விசயமாக நினைப்பது

1 கிலோ கலவையில் 1 கிராம் தண்ணீர் இருக்கிறது என்று வையுங்கள். 0.1 சதவீதம். கையை விட்டு அளைந்தால் காய்ந்த அரிசி மாதிரித்தான் இருக்கும். அந்த 1 கிராம் 200 பாகை செல்சியசில் ஆவியாகி வெளியே வந்தால் 2 லீற்றருக்கு மேல் இடம் பிடிக்கும். உருகிய 1 கிலோ கலவையோ 1 லீற்றர்கூட வராது. மெசினில் திருகு சுழலும் சூட்டுக் குழாயான பீப்பாய்க்குள் அமுக்கம் இருக்கும்வரை ஆவி அடங்கிக் கிடக்கும். பிலிம் வெளியே வரும் பிளவான டை உதட்டைத் தாண்டியதும் சீறும். வார்த்த பிலிமில் ஊசிமுனை அளவு குமிழ்தான் தெரியும். மூன்று நான்கு மடங்கு இழுத்ததும் அது வாயைப் பிளக்கும்.

அன்றைக்கு அந்தப் பொடியன்களில் ஒருவன் கேட்டான்: "துளையுள்ள பிலிம்தானே ஐயா, இன்னும் கொஞ்சம் துளை இருந்தால் என்ன?" இந்தக் கேள்வி என் காதில் விழுவது முதல் தடவையல்ல. ஒவ்வொரு தடவையும் எரிச்சல் வரும். தம்பி, நமக்கு வேண்டிய துளை 1 மைக்ரோனுக்கும் குறைவு. உன் றோலில் இருப்பது 1 மில்லிமீற்றர். ஆயிரம் மடங்கு. நீத்துப்பெட்டியில் எலி கடித்த ஓட்டையையும் ஆவி போகிற வழி என்றா சொல்வாய்?

சரி, என் கதை. கடலோரத் தொழிற்சாலை, ஆவணி மாதம், இரவிலும் சுவர் வியர்க்கிற ஊர். சரக்கறைக்கு ஏசி. இரவுப் பணியில் நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று எட்டுப் பைகளை வெளியே இழுத்து, எட்டின் வாயையும் ஒரேயடியாக வெட்டி வைத்தேன். குளிர்ந்த மணிகள்மேல் வெக்கைக் காற்றுப் பட்டால் என்ன ஆகும்? குளிர்சோடாப் போத்தல் வியர்க்கிற மாதிரி ஒவ்வொரு மணியும் வியர்த்தது. மணி சிறியது என்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஓட்டை விழத் தொடங்கியது. உருகாத கட்டி என்று நினைத்துச் சூட்டை 10 பாகை ஏற்றினேன். இன்னும் கூடியது. வடிகட்டி வலையை இரண்டு தரம் மாற்றினேன். பிறகு பொலித்தீன் அனுப்பிய கொம்பனியைத் திட்டினேன். விடியும்போது பதினேழு றோல் பாழ். காலைப் பணிக்கு வந்த கிழட்டுப் போர்மன் ஒன்றும் பேசவில்லை. டையிலிருந்து கீழே வடித்துவிட்ட கட்டியை எடுத்துக் குறுக்கே வெட்டி என் முன்னால் வைத்தார். உள்ளே பாண் மாதிரிக் குமிழ் குமிழாக இருந்தது. பதினேழு றோலுக்கு முன்பே அந்தக் கட்டியை நான் வெட்டிப் பார்த்திருக்கலாம்.

ஆகவே ஓட்டை விழுந்தால், சூட்டில் கைவைக்க முன்பே, டையிலிருந்து வடித்த கட்டியை வெட்டிப் பாருங்கள். உருகாத கட்டியால் வந்த ஓட்டையின் ஓரத்தில் தடித்த மணி ஒன்று தட்டுப்படும். ஈரத்தால் வந்ததில் எதுவும் தட்டுப்படாது. நீளவாட்டில் கண் வடிவில் திறந்திருக்கும். இன்னொரு சோதனையும் உண்டு. நாலைந்து மணிகளை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்துச் சூட்டுத் தட்டில் உருக்கி அமத்துங்கள். குமிழ் கிளம்பினால் அந்தப் பை உலரவில்லை.

பையை மூடியபடியே முதல் நாள் கொண்டுவந்து அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து, மிச்சத்தின் வாயை இறுக்கிக் கட்டுங்கள். 80 பாகை அளவில் மூன்று நான்கு மணித்தியாலம் உலர்த்துங்கள். ஆனால் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வெறும் சூட்டுக்காற்று உலர்த்தியை இங்கே நம்பமுடியாது. அது உறிஞ்சுவதே மழைக்காற்றை. ஈரம் உறிஞ்சும் மருந்து வைத்த உலர்த்தி விலைதான், பாழாகிற றோலைவிட மலிவு. கரண்ட் போனால் தொட்டியில் கிடக்கும் மணிகள் திரும்பவும் ஈரம் பிடிக்கும். ஒரு மணித்தியாலத்துக்குத் தேவையானதை மட்டும் போடுங்கள். விலை குறைவென்று பூச்சில்லாத சுண்ணாம்பு மாவை வாங்குகிறவர்களுக்கு இவ்வளவும் இரண்டு மடங்கு.

பயந்து பயந்து இழுப்பது

அறுந்துவிடும் என்ற பயத்தில் இழுவையைக் குறைப்பார்கள். பிலிமில் வெள்ளைப் பட்டை, தெளிந்த பட்டை என்று மாறி மாறிப் புலிவரி விழும். வெள்ளையில் துளை திறந்திருக்கிறது, தெளிந்ததில் இல்லை. உடனே இன்னும் குறைப்பார்கள். கூட்ட வேண்டும். பிலிம் முழுவதும் சீராக நீளும் அளவு ஒன்று உண்டு. அதைத் தாண்டினால்தான் வரி மறையும்.

1969இல் அமெரிக்காவில் பொப் கோர் என்பவர் சூடேற்றிய டெஃப்லோன் கம்பிகளை மெதுவாக இழுத்து இழுத்துப் பார்த்தார். எல்லாம் முறிந்தன. வெறுத்துப்போய் ஒன்றை வெடுக்கென்று இழுத்தார். ஏறத்தாழப் பத்து மடங்கு நீண்டது. உள்ளே முழுக்க நுண்துளைகள். கோர்டெக்ஸ் மழைக்கோட்டுத் துணி அதிலிருந்து வந்தது. நம்முடைய பொலித்தீன் வேறு சரக்கு, வெடுக்கென்று இழுத்தால் என் மெசினில் அறுந்துதான் போகும். ஆனாலும் பயந்தவன் கையில் பிலிம் சரிவராது என்பதற்கு எனக்கு இந்தக் கதை பிடிக்கும்.

இழுத்த சூட்டோடு சுற்றிவிடுவது

சூடான உருளையில் கொஞ்சம் தளரவிட்டுச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் இரவோடிரவாகச் சுருங்கி, காலையில் றோலின் அட்டைக்குழாயை நெரித்துவிடும்.

ஒட்டுப்படையில் மிச்சம் பிடிப்பது

இது பல அடுக்குப் பிலிம் போடுகிறவர்களுக்கு. மிளகாய்த்தூளின் மணம் போகக்கூடாது, கருவாட்டின் மணம் வெளியே வரக்கூடாது என்று கேட்டு வருகிறார்கள். நடுவில் நைலோன், இருபக்கமும் பொலித்தீன், மூன்றடுக்கு போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். அவை இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாத சாதி. மலேயிக் அமிலக்கூறு சேர்த்த ஒட்டுப்படை இரண்டு பக்கமும் இல்லாவிட்டால் வெங்காயத் தோல்போல உரியும். அப்படியென்றால் ஐந்தடுக்கு. என் மெசினால் முடியாது, அதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்புகிறேன். நைலோனுக்குப் பதிலாக ஈவிஓஎச் என்ற பிளாஸ்டிக்கைப் போடுகிறவர்கள் அதை வெளிப்பக்கம் வைக்கவேண்டாம். ஒட்சிசனை மறிப்பதில் அது கெட்டிக்காரன்தான், ஆனால் ஈரம் பிடித்தால் அந்தக் கெட்டித்தனம் போய்விடும்.

தடிப்பை மைக்ரோமீற்றரால் அளப்பது

துளையுள்ள பிலிம் அமுங்கும். 10 சென்ரிமீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் வெட்டி, தராசில் எத்தனை கிராம் என்று பார்த்து, 100 ஆல் பெருக்குங்கள். சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் என்று வந்துவிடும்.

"இதை லிதியம் பற்றரிக்குப் போடலாமோ?"

போடக்கூடாது. அங்கே இரு மின்முனைகளையும் பிரித்து வைக்கும் பிலிமில் பொலிப்புரோப்பிலீன், பொலித்தீன், பொலிப்புரோப்பிலீன் என்று மூன்றடுக்காக வரும் வகை ஒன்று உண்டு. பற்றரி சூடேறினால் 130 பாகை அளவில் நடுப்படை உருகித் துளையை அடைக்கும், வெளிப்படைகள் 160 அளவுவரை கிழியாமல் தாங்கும். சுண்ணாம்பு நிரப்பிய டயப்பர் பிலிமிடம் அதைக் கேட்பது, நீத்துப்பெட்டியில் தண்ணீர் அள்ளுகிற வேலை.

டை உதட்டை இரும்புக் கத்தியால் சுரண்டுவது

பித்தளைத் தகடு. இரும்பைக் கொண்டு என் பட்டறைக்குள் வரவேண்டாம்.