எச்டி வீடியோவைத் தரம் கெடாமல் டிவிடிக்கு மாற்றுவது எப்படி?

வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீட்டை வீடியோ எடுத்தால், மாப்பிள்ளை கூகுள் டிரைவ் லிங்க் கேட்பார். அவருடைய பெரியம்மா டிவிடிதான் கேட்பார். பெரியம்மா கேட்பதில் பிழையில்லை. வீட்டில் பிளேயர் இருக்கிறது, ரிமோட்டும் கைக்குப் பழகிவிட்டது. சிக்கல் நம் பக்கம்தான். கமராவில் பளிச்சென்று இருந்த படம் டிஸ்க்கில் மங்கலாகவும் நெளிந்தும் வந்தால், "டிவிடி என்றால் அப்படித்தான்" என்று சொல்லித் தப்பிக்கிறோம். கடையில் வாங்கும் சினிமா டிவிடியும் இதே அளவு படம்தானே, அது மட்டும் எப்படித் தெளிவாக இருக்கிறது?

முழு எச்டி படம் 1920×1080. நம் நாட்டு டிவிடி 720×576. கணக்குப் போட்டால் சரியாக ஐந்துக்கு ஒன்று. ஐந்தில் நாலு பங்கு புள்ளிகளைக் கைவிடப் போகிறோம் என்பதால், எதை எப்போது கைவிடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது: டிஸ்க் எந்த நாட்டில் ஓடும்?

இலங்கையில் பால் (PAL) என்ற டிவி முறை: 720×576, நொடிக்கு 25 பிரேம், அதாவது 25 படம். லண்டன், ஜெர்மனி, சுவிஸ் உறவினருக்கும் இதுவே போதும். கனடாவில் என்டிஎஸ்சி (NTSC) முறை: 720×480, நொடிக்கு 29.97 பிரேம். இங்கே விற்கும் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் வாசிக்கும், ஆனால் டொரொன்டோவில் இருக்கும் பிளேயர் பலதும் பாலை வாசிக்காது. எனவே கனடா மாமாவுக்குத் தனி டிஸ்க். அதையும் பால் டிஸ்க்கிலிருந்து மாற்றாமல் எச்டி மூலப் பிரதியிலிருந்தே செய்யுங்கள். டிஸ்க்கை உலகின் ஒரு பகுதிக்கென்று பூட்டும் ரீஜன் கோட் பற்றிக் கவலை வேண்டாம், நாம் எரிக்கும் டிஸ்க்கில் அந்தப் பூட்டு இல்லை.

படம் எடுக்கும்போதே 25 அல்லது 50 பிரேமில் எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஃபோன்கள் பல வழக்கமாக 30இல் நிற்கும்; மாற்ற வழியிருந்தால் மாற்றுங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் மண்டபத்து டியூப் லைட் மினுக்குவதும் குறையும்.

எடிட்டிங் முழுவதும் எச்டியில்

வெட்டு, நிறம், பாட்டு, தலைப்பு எல்லாவற்றையும் எச்டியிலேயே முடியுங்கள். சிறிதாக்குவது கடைசியில், ஒரே ஒரு தடவை. வாட்ஸ்அப்பில் வந்த பிரதியையோ யூடியூபுக்காகச் சுருக்கிய ஃபைலையோ மூலமாக எடுக்க வேண்டாம்.

தலைப்புகளில் மட்டும் டிவிடியை முன்கூட்டியே நினைத்துக்கொள்ளுங்கள். 576 கோட்டுக்குள் தமிழ் எழுத்தின் புள்ளியும் விசிறியும் முதலில் காணாமல் போகும். மெல்லிய, அலங்கார எழுத்துரு வேண்டாம். தடித்ததாக, பெரிதாகப் போடுங்கள். பழைய டிவிகள் படத்தின் ஓரத்தை விழுங்கிவிடும் என்பதால் எந்த ஓரத்திலிருந்தும் பத்து வீதம் உள்ளே தள்ளி எழுதுவது நல்லது.

இன்டர்லேஸ்: ஆட்கள் அதிகம் சறுக்கும் இடம்

பழைய கேம்கோடர்கள் பல 1080i என்ற இன்டர்லேஸ் முறையில் பதியும். அதில் ஒரு பிரேம் என்பது உண்மையில் இரண்டு அரைப் படங்கள் (ஃபீல்ட்). ஒற்றைக் கோடுகள் ஒரு கணத்திலும் இரட்டைக் கோடுகள் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்தும் எடுக்கப்பட்டவை. இதை அப்படியே 576க்குச் சுருக்கினால் இரண்டு கணங்களும் ஒன்றோடொன்று கலந்துவிடும். நின்றவர் நன்றாகத் தெரிவார், கை அசைத்தவர் சீப்புப் பல்லாகக் கிழிவார். அரங்கேற்ற வீடியோவில் இது படுமோசம். சரஸ்வதி மண்டபத்தில் ஒரு பிள்ளை அடவு பிடிக்கும்போது விரல்கள் நெளிந்தால் குரு சும்மா விடுவாரா?

சரியான ஒழுங்கு இது: முதலில் டீஇன்டர்லேஸ் செய்து, அதாவது ஒவ்வோர் அரைப் படத்தையும் முழுப் படமாக்கி, நொடிக்கு 50 முழுப் பிரேம் ஆக்குங்கள், பிறகு 720×576க்குச் சுருக்குங்கள், கடைசியாகத் திரும்ப இன்டர்லேஸ் செய்து 25 ஆக்குங்கள். 50 பிரேமில் எடுத்திருந்தால் முதல் படி தேவையில்லை. எச்டி மூலத்துக்கு 'மேல் ஃபீல்ட் முதலில்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது மாறிப்போனால் அசைவு முன்னும் பின்னும் துள்ளும், பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அடோபியின் எடிட்டிங் மென்பொருளான ப்ரீமியரில், டிவிடிக்குரிய எம்பெக்-2 வடிவ ஏற்றுமதி இருந்தால் 'மெக்சிமம் ரெண்டர் குவாலிட்டி'யை டிக் செய்யுங்கள். இலவச வழி வேண்டுமென்றால் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் டீஇன்டர்லேஸ் செய்து, வந்த ஃபைலை டிவிடி தயாரிக்கும் டிவிடி ஸ்டைலரில் 25 முழுப் பிரேமாகக் கொடுக்கலாம். அசைவின் வழுவழுப்பு கொஞ்சம் குறையும். கலியாணத்துக்கு அது போதும். நடனத்துக்கு நான் அதைச் செய்யமாட்டேன்.

இன்னொன்று, கூறைச்சேலையின் சரிகைக் கரை. மெல்லிய கிடைக்கோடுகள் இன்டர்லேஸ் படத்தில் மின்மினுக்கும். கூர்மையைக் கூட்டும் ஃபில்டரை நிறுத்திவிட்டு, தேவையானால் மேல்-கீழாக மிக மெல்லிய மங்கல் கொடுங்கள். கணினித் திரையில் கொஞ்சம் மென்மையாகத் தெரியும், டிவியில் அமைதியாக இருக்கும். எடிட்டிங் மேசையில் கூர்மைக்கு ஆசைப்பட்டுத்தான் பல டிஸ்க்குகள் கெடுகின்றன.

அகலம், பிட்ரேட், ஒலி

720×576 என்பது 16:9 அல்ல. அகலப் படத்தை நெருக்கிப் பதிந்து, "விரித்துக் காட்டு" என்று பிளேயருக்கு ஒரு குறிப்பு வைக்கிறோம். அதனால் ஏற்றுமதியிலும் டிவிடி தயாரிக்கும் மென்பொருளிலும், இரண்டிலுமே 16:9 என்று போடுங்கள். ஒன்றில் விட்டுவிட்டால் மணமக்கள் இருவரும் ஒரே இரவில் மெலிந்துவிடுவார்கள்.

பிட்ரேட் என்பது ஒரு நொடி வீடியோவுக்கு ஒதுக்கும் தரவின் அளவு. அதற்கு எளிய கணக்கு: 600ஐ வீடியோவின் நிமிடங்களால் வகுங்கள். 4.7 ஜிபி டிஸ்க்கில் ஒலியும் சேர்த்து நொடிக்கு எத்தனை மெகாபிட் வைக்கலாம் என்பது வரும். 90 நிமிடத்துக்கு சுமார் 6.6; இரண்டு மணித்தியாலத்துக்கு 5. குறுகிய வீடியோவில் விடை பெரிதாக வந்தாலும் 8ஐத் தாண்ட வேண்டாம். வீடியோவுக்கு 9.8 வரை விதி அனுமதிக்கிறது, ஆனால் எரித்த டிஸ்க்கில் அந்த வேகத்துக்குப் பழைய பிளேயர் திணறும். மூன்று மணித்தியால வீடியோவா? இரண்டு டிஸ்க் கொடுங்கள். ஒலி 48 கிலோஹேர்ட்ஸ், ஏசி-3 என்ற ஒலி வடிவம், நொடிக்கு 224 கிலோபிட்.

டிஸ்க் தயாரித்தல்

டிவிடி ஸ்டைலரில் புதிய புரொஜெக்ட் திறந்து 4.7 ஜிபி, பால், 16:9, ஏசி-3 என்று தேர்ந்தெடுங்கள். ஃபைலை ஏற்கனவே டிவிடிக்கு ஏற்றபடி மாற்றியிருந்தால் வீடியோவுக்கு 'கொப்பி' என்று வையுங்கள், இல்லையென்றால் அது இன்னொரு தடவை சுருக்கும். தாலி கட்டும் இடத்தில் கட்டாயம் ஒரு சாப்டர் வையுங்கள். பெரியம்மா நேராக அங்கேதான் போவார்.

உடனே எரிக்காமல், முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலாக அடக்கும் ஐஎஸ்ஓ ஃபைலாக எடுத்து, கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் இம்ஜ்பேர்ன் (ImgBurn) என்ற எரிக்கும் மென்பொருளில் 4 அல்லது 8 மடங்கு வேகத்தில் எரியுங்கள். எரித்ததைச் சரிபார்க்கும் 'வெரிஃபை'யை நிறுத்த வேண்டாம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் வெற்று டிஸ்க் வாங்கினால் டிவிடி-ஆர் வாங்குங்கள். மலிவான கட்டில் ஒன்றை முதலில் சோதித்துவிட்டு மிச்சத்தை எடுங்கள்.

கடைசியில் உண்மையான பிளேயரில், முடிந்தால் பழைய டிவியில் போட்டுப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடத்தோடு நிறுத்திவிடாமல் கடைசி சாப்டருக்குப் போங்கள். டிஸ்க் உள்ளிருந்து வெளிவிளிம்பை நோக்கி எழுதப்படுவதால், ஏறக்குறைய நிரம்பிய டிஸ்க்கின் முடிவு விளிம்பில் இருக்கும். எரிப்பில் வரும் கோளாறு பெரும்பாலும் அங்கேதான் தலைகாட்டும். படம் அங்கே சிக்கினால் வேகத்தைக் குறைத்து வேறு டிஸ்க்கில் எரியுங்கள். அப்போதும் சிக்கினால் பிட்ரேட்டை ஒரு மெகாபிட் இறக்கித் திரும்பச் செய்யுங்கள்.