மரை போன பிறகு செய்யும் தவறுகள்

போல்ட்டை முறுக்க முறுக்க இறுக்கம் கூட வேண்டும். அப்படிக் கூடாமல் ஒரு கட்டத்தில் ஸ்பேனர் பொசுக்கென்று லேசாகிவிட்டால் மரை போய்விட்டது என்று பொருள். எனக்கு இது எஞ்சினின் மேல் மூடியான டாப்பெட் கவரின் கேஸ்கெட்டை, அதாவது ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பரை, மாற்றியபோது நடந்தது. ஓரத்தில் கொஞ்சம் ஆயில் கசிந்தது. இன்னும் கால் சுற்று கொடுத்தால் நின்றுவிடும் என்று நினைத்துக் கொடுத்தேன். கசிவு நிற்கவில்லை, மரைதான் போனது. அன்று யாருக்கு மரை கழன்றது என்று வீட்டில் இன்னும் கேலி ஓடுகிறது.

கழற்றிப் பார்த்தால் போல்ட்டின் பள்ளங்களில் ஜரிகை நூல் சுற்றினாற்போல அலுமினியம் ஒட்டியிருந்தது. அது சிலிண்டர் ஹெட்டின் ஓட்டைக்குள் இருந்த மரை. இரும்பு போல்ட்டும் அலுமினிய ஓட்டையும் மல்லுக்கட்டினால் தோற்பது அலுமினியம்தான். அதனால் புது போல்ட் வாங்கக் கடைக்கு ஓடிப் பயனில்லை.

எதனால் போனது? 10-ஆம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் எம்6 போல்ட்டுக்கு அலுமினியத்தில் சுமார் 10 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை) போதும். கவர் போல்ட்டுகளுக்குப் பல வண்டிகளில் அதைவிடக் குறைவு. கால் மீட்டர் நீள ராட்செட்டின் நுனியில் அது வெறும் 4 கிலோ இழுப்பு. வீல் நட்டைக் கழற்றிய கை அதே வேகத்தில் இங்கே வந்தால் வேறென்ன ஆகும்? மரையில் ஆயில் பட்டிருந்தால் உரசல் குறைந்து, அதே டார்க்கிலேயே போல்ட் இன்னும் பலமாக இழுக்கும். புத்தகத்தில் உள்ள அளவு பெரும்பாலும் காய்ந்த மரைக்கானது. கேஸ்கெட் ரப்பர் கெட்டிப்பட்டுப் போயிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் கசியத்தான் செய்யும்.

சரி, போனது போகட்டும். வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் அடுத்த பத்து நிமிடத்தில் நாம் செய்வதுதான்.

நம் ஊரில் கை வைத்தியம் கால் இஞ்ச் போல்ட். எம்6 என்பது 6 மி.மீ., கால் இஞ்ச் 6.35 மி.மீ. கொஞ்சம் பருமன், அழுத்தி முறுக்கினால் இறங்கிவிடும். ஆனால் எம்6-இன் மரை இடைவெளி 1 மி.மீ., ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கால் இஞ்ச் போல்ட்டுக்குச் சுமார் 1.27 மி.மீ. மிச்சமிருக்கும் மரையையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அன்றைக்கு நிற்கும், அடுத்த முறை கழற்றும்போது ஓட்டையே தொளதொளவென்றாகிவிடும். டெஃப்லான் டேப் சுற்றுவதும் எம்-சீல் பூசுவதும் இதே ரகம். சூடும் அதிர்வும் சேர்ந்த இடத்தில் அவை போல்ட்டின் இழுப்பைத் தாங்காது.

ஓட்டையை இன்னும் வெட்டுமுன் அதன் ஆழத்தை யாரும் பார்ப்பதில்லை. ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டு அளந்து, கவரின் கனத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, போல்ட் எதுவரை இறங்குகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அடியில் போல்ட் தொடாத நல்ல மரை சில நேரம் மிச்சமிருக்கும். அப்படியிருந்தால் 5 மி.மீ. நீளம் கூடிய அதே அளவு போல்ட் போட்டாலே வேலை முடிந்தது. போல்ட் நுனி அடியில் முட்டக் கூடாது, அவ்வளவுதான்.

மிச்சம் இல்லையென்றால், பெரிதாக்கிய ஓட்டைக்குள் புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள் இன்செர்ட்தான் சரியான வழி. லேத் பட்டறைகளில் ஹெலிகாயில் என்பார்கள். இன்செர்ட்டோடு அதற்கான டேப்பும் (ஓட்டையில் மரை வெட்டும் கருவி) செட்டாக வரும். சாதாரண எம்6 டேப் அதற்கு ஆகாது. எம்6 இன்செர்ட்டுக்கு ஓட்டையைச் சுமார் 6.3 மி.மீ. ஆக்க வேண்டும், எம்8-க்குச் சுமார் 8.3. கண் மதிப்பில் ட்ரில் பிட் எடுத்தால் சுருள் ஆடும். ட்ரில் சாய்ந்தாலும் போச்சு, கவரின் ஓட்டையோடு போல்ட் நேராக நிற்காது. எவ்வளவு ஆழம் என்று தெரிய பிட்டில் ஒரு துண்டு ஒட்டும் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கம் தண்ணீர்ப் பாதையோ ஆயில் பாதையோ இருக்கலாம். டேப் அடிக்கும்போது மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. இறுகிய பிறகும் அழுத்தினால் டேப் உள்ளேயே ஒடியும். ஒடிந்த டேப்பைச் சாதாரண பிட்டால் துளைக்க முடியாது.

அடி மூடிய ஓட்டையில் ஆயிலோ மண்ணெண்ணெயோ தேங்கி நிற்க விடாதீர்கள். போல்ட் இறங்கும்போது அது வெளியேற வழியில்லாமல் வார்ப்பையே விரிசல் விடவைக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள், கண்ணைக் காத்துக்கொண்டு.

ஸ்பார்க் பிளக் மரை என்றால் ஆபத்து வேறு: வெட்டிய தூள் சிலிண்டருக்குள் விழும். டேப்பின் பள்ளங்களில் கெட்டியாக கிரீஸ் பூசினால் பெரும்பகுதி ஒட்டிக்கொண்டு வரும். மீதியை வேக்வம் கிளீனர் முனையில் மெல்லிய குழாய் சொருகி உறிஞ்ச வேண்டும். அது முடியும் வரை செல்ஃப் அடிக்க வேண்டாம். புது பிளக்கை ஒரு துண்டு பெட்ரோல் ஹோஸில் சொருகிச் சுற்றினால், மரை மாறி ஏறும்போது ஹோஸ் வழுக்கிவிடும், ஹெட் தப்பிக்கும்.

ஹெட் போல்ட், கனெக்டிங் ராட், பிரேக் காலிப்பர் இவற்றில் மரை போனால் வீட்டில் கை வைக்காதீர்கள். லேத் பட்டறைக்கே கொண்டு போங்கள்.

இன்செர்ட், ஓட்டையின் மேல் விளிம்பிலிருந்து கால் முதல் அரைச் சுற்று உள்ளே இறங்கி நிற்க வேண்டும். அப்புறம் அடியில் இருக்கும் சின்ன நாக்கை ஒடித்து எடுக்க வேண்டும். உள்ளே விழுந்தால் காந்தத்தை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், சரியாக ஒட்டாமல் போகலாம். நீள மூக்குக் குறடுதான் கதி.