விண்டோஸ் 10 கைவிட்ட லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் ஏற்றுவது எப்படி?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. முதல் நாள் ஓடிய லேப்டாப் மறுநாளும் அப்படியேதான் ஓடியது. ஆனால் "இந்தக் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியானதல்ல" என்ற அறிவிப்பைப் பார்த்ததும், லேப்டாப்பின் ஆயுளே முடிந்துவிட்டது என்று நினைத்துப் பலர் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் ஒரு கணினியை எப்போது ஓரங்கட்டுவது என்பதை அதை வாங்கியவர் முடிவு செய்ய வேண்டும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றுவது, அந்த முடிவை உங்கள் கைக்குத் திரும்பக் கொண்டுவரும் வழி. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

முதலில் உங்கள் லேப்டாப் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பிராசஸர் பெயரில் ஐ5-7200 என்று இருந்தால் ஏழாம் தலைமுறை, ஐ5-8250 என்று இருந்தால் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி ரைசன் 2000 வரிசை ஆகியவற்றிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஏறும். கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். நிறுவுவதற்கான பென்டிரைவைத் தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருளால் இந்தச் சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்ற முடியும். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. விண்டோஸ் 10-க்கே 2026 அக்டோபர் வரை அப்டேட் நீட்டிப்பு உண்டு; அதற்குக் கணினியை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்க வேண்டும். அதை அவகாசமாக எடுத்துக்கொள்ளலாம், தீர்வாக நம்ப வேண்டாம்.

யார் மாறக்கூடாது

டேலி பிரைம் விண்டோஸில் மட்டுமே ஓடும். அடோபியின் போட்டோஷாப், இன்டிசைன் லினக்ஸுக்கு இல்லை. ஜிஎஸ்டி, வருமான வரிக்கு யுஎஸ்பி டோக்கனில் டிஜிட்டல் கையெழுத்து போடுபவர்கள், அதற்கான டிரைவரோடும் ஜாவாவோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அலுவலகத்தில் கேனன் எல்பிபி 2900 பிரின்டர் இருந்தால் அதுவும் தலைவலிதான். அது கேனனுக்கே உரிய தனி மொழியில் பேசும் பழைய பிரின்டர். வைஃபையில் மொபைலிலிருந்து நேரடியாக அச்சிடக்கூடிய புதிய பிரின்டர்கள் பெரும்பாலும் டிரைவரே இல்லாமல் வேலை செய்யும். சில ஓடிடி தளங்கள் லினக்ஸ் பிரவுசரில் படத்தின் தரத்தைக் குறைத்தே காட்டும்.

பிரவுசர், மின்னஞ்சல், கடிதம், கணக்குத் தாள், ஆன்லைன் வகுப்பு, வீடியோ, புரோகிராமிங் ஆகியவைதான் உங்கள் வேலை என்றால் தாராளமாக மாறலாம்.

டிஸ்க்கை மாற்றுங்கள், இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள்

விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் ஏற்றி டூயல் பூட் வைப்பதைத்தான் பலரும் பரிந்துரைக்கிறார்கள். பழைய லேப்டாப்புக்கு இது சரிப்படாது. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், டூயல் பூட் வைத்திருந்த பல கணினிகளில் லினக்ஸைத் திறக்கவிடாமல் செய்தது. "செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு கணினி அணைந்துவிடும். பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்பு) செக்யூர் பூட் என்ற பாதுகாப்புச் சோதனையை அணைத்தால்தான் மீண்டும் உள்ளே போக முடிந்தது. நேரக் கோளாறு இன்னொன்று: மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பதை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் சர்வதேச நேரமாகவும் எடுத்துக்கொள்ளும். மாறி மாறித் திறக்கும்போது நம் ஊரில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கும்.

இதைவிட நல்ல வழி: புதிதாக ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) வாங்குங்கள். 2.5 அங்குலம், 7 மில்லிமீட்டர் தடிமன், 240 அல்லது 256 ஜிபி போதும். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸோடு அப்படியே பத்திரமாக வைத்துவிடலாம். எதுவும் பிடிக்காவிட்டால் பத்து நிமிடத்தில் பழையதை மாட்டிப் பழைய நிலைக்குத் திரும்பலாம். கூடவே வேகமும் கிடைக்கும். பழைய லேப்டாப் நத்தையாக நகர்வதற்குப் பெரும்பாலும் காரணம், சுழலும் அந்த ஹார்டு டிஸ்க்தான்.

கீழே வரும் காப்பி எடுக்கும் வேலையையும் யுஎஸ்பி தயாரிப்பையும் விண்டோஸிலேயே முடித்த பிறகுதான் டிஸ்க்கைக் கழற்ற வேண்டும். அடிமூடியின் திருகுகள் ஒரே நீளத்தில் இருக்காது. எந்தத் திருகு எந்த இடம் என்று மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீளமானதைக் குட்டைத் திருகின் இடத்தில் முறுக்கினால் மேல் பக்கம் துளைத்துக்கொண்டு வரும். மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பை எடுப்பது. டிஸ்க்கைப் பிடித்திருக்கும் உலோகச் சட்டத்தைக் கழற்றி எஸ்எஸ்டிக்கு மாட்ட வேண்டும். அதை மறந்தால் எஸ்எஸ்டி ஆடி, இணைப்பு விட்டுவிட்டுப் போகும்.

மூடியைத் திறந்த கையோடு ரேமையும் பார்த்துவிடுங்கள். ரேம் 4 ஜிபிதான் என்றால் இன்னொரு 4 ஜிபி சேர்ப்பது நல்லது. மூடியைத் திறக்கும் முன்பே, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்ற இடத்தில் எத்தனை ஸ்லாட், எந்த வேகம் என்று தெரியும். 1600 என்றால் அநேகமாக டிடிஆர்3எல், 2133 அல்லது 2400 என்றால் டிடிஆர்4. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. லினக்ஸ் வந்துவிட்டால் பிரவுசரின் ரேம் பசி தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இருபது டேப் திறந்தால் எந்தச் சிஸ்டத்திலும் 4 ஜிபி திணறும்.

தகவல்களை எடுத்து வைப்பது

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். விண்டோஸில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் கோப்புறைகளை மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருக்கலாம். கோப்பின் பக்கத்தில் சிறிய மேகக் குறி இருந்தால் அந்தக் கோப்பு உங்கள் டிஸ்க்கில் இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, பிறகு வேறு கணினியில் மாட்டித் தேடினால் கிடைக்காது. ஆகவே ஒன்டிரைவ் கோப்புறையை வலது கிளிக் செய்து, "எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு" என்ற பொருளில் உள்ள வரியைத் தேர்ந்தெடுங்கள். எல்லாக் கோப்பிலும் பச்சை டிக் வந்த பிறகு வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள்.

அடுத்தது, டிஸ்க்கைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் பிட்லாக்கர். நீங்கள் கேட்காமலேயே சில லேப்டாப்களில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். அதன் 48 இலக்கச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். உங்கள் டிஸ்க்கின் சாவி முதலில் உங்களிடம் இருக்க வேண்டும். செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்பதைப் பார்த்து, இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். பூட்டு முழுவதும் நீங்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அணைக்க விருப்பமில்லை என்றால் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள்.

பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் புக்மார்க்குகளையும் ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். பாஸ்வேர்டு கோப்பு யாரும் படிக்கக்கூடிய வெறும் எழுத்தாக இருக்கும், ஆகவே புதிய இடத்தில் ஏற்றியதும் அழித்துவிட வேண்டும். யுஎஸ்பியும் தயாரான பிறகு, கடைசியாக விண்டோஸை அணைக்கும்போது ஷிப்ட் விசையை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுங்கள். சாதாரண ஷட்டவுனில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக விண்டோஸ் அரைத் தூக்கத்தில் நிற்கும். பிறகு அந்த டிஸ்க்கை லினக்ஸில் திறந்தால் படிக்க மட்டுமே விடும், எழுத விடாது.

யுஎஸ்பி தயாரிப்பு

லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 8 ஜிபி ரேம் இருந்தால் சினமன் பதிப்பு, 4 ஜிபி என்றால் அதைவிட இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பு சுமார் 3 ஜிபி வரும், 8 ஜிபி பென்டிரைவ் போதும். அதில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும்.

டவுன்லோடு முடிந்ததும், கோப்பு மாறாமல் வந்திருக்கிறதா என்று காட்டும் செக்சம் எண்ணைப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்திலேயே ஊடுருவி, பின்கதவு வைத்த போலி ஐஎஸ்ஓவுக்கு இணைப்பை மாற்றி வைத்தார்கள். பார்ப்பது எளிது: 7-ஜிப் நிறுவியிருந்தால் ஐஎஸ்ஓவை வலது கிளிக் செய்து எஸ்எச்ஏ-256 என்பதைத் தேர்ந்தெடுங்கள். வரும் 64 எழுத்து நீள எண் தளத்தில் உள்ளதோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். பெரும்பாலும் டவுன்லோடு பாதியில் அறுந்ததுதான் காரணமாக இருக்கும். அந்தக் கோப்பை வைத்து நிறுவினால் பாதியில் நின்று, பழியை டிஸ்க் மேல் போட்டுக்கொண்டிருப்போம்.

ரூஃபஸில் ஐஎஸ்ஓவைக் கொடுத்து எழுதுங்கள். ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா என்று கேட்டால் முதலில் ஐஎஸ்ஓ முறை. லேப்டாப் அந்தப் பென்டிரைவைக் கண்டுகொள்ளாவிட்டால் டிடி முறையில் இன்னொரு தடவை எழுதிப் பாருங்கள்.

நிறுவுதல்

பூட் மெனுவைத் திறக்க டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9 விசையை லேப்டாப்பைப் போட்டதும் அழுத்துங்கள். ஏசரிலும் எஃப்12 உண்டு, ஆனால் பயாஸுக்குள் போய் அதை இயக்கிவிட்டிருக்க வேண்டும். பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் நிறுவாமலேயே மின்ட் ஓடிக் காட்டும். அவசரப்பட்டு நிறுவாதீர்கள். வைஃபை, ஒலி, டச்பேட், கேமரா, திரை வெளிச்சம், மூடியை மூடித் திறப்பது ஆகியவற்றை இந்த இடத்திலேயே சோதியுங்கள்.

வைஃபை வரவில்லையா? பிராட்காம் சிப் உள்ள பழைய லேப்டாப்களில் இது சகஜம். மொபைலைக் கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் கொடுங்கள். உடனே இணையம் வரும். நிறுவி முடித்ததும் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அதற்கான டிரைவரை அதுவே காட்டும். என்விடியா கார்டு உள்ள லேப்டாப்பில் திரை கறுப்பாக நின்றுவிட்டால், தொடக்க மெனுவில் கம்பேட்டிபிலிட்டி மோட் என்ற வரியைத் தேர்ந்தெடுத்துத் திறங்கள். டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் சாட்டா அமைப்பு ரெய்டு என்றோ இன்டெல் ஆர்எஸ்டி என்றோ இருக்கும். ஏஎச்சிஐ என்று மாற்றுங்கள். பழைய டிஸ்க்கை மீண்டும் மாட்டும் நாள் வந்தால் இதையும் பழையபடி மாற்ற வேண்டும், இல்லையென்றால் விண்டோஸ் நீலத் திரையில் நிற்கும்.

எல்லாம் சரி என்றால் டெஸ்க்டாப்பில் உள்ள இன்ஸ்டால் ஐகானைத் திறந்து, வீடியோவும் பாடலும் ஓடத் தேவையான மல்டிமீடியா கோடெக் பெட்டியில் டிக் வையுங்கள். எஸ்எஸ்டி காலியாக இருப்பதால் முழு டிஸ்க்கையும் அழித்து நிறுவு என்பதையே தேர்ந்தெடுக்கலாம். வெளியே தூக்கிச் செல்லும் லேப்டாப் என்றால் அதே இடத்தில் உள்ள அட்வான்ஸ்டு பகுதியில் என்கிரிப்ஷனையும் சேருங்கள். அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் யாராலும் மீட்டுத் தர முடியாது. வெளி டிஸ்க் ஏதும் செருகியிருந்தால் இந்தக் கட்டத்துக்கு முன்பே பிடுங்கிவிடுங்கள். தவறான டிஸ்க்கை அழித்துவிட்டுத் தவிப்பது இங்கேதான் நடக்கிறது.

தமிழ் தட்டச்சு

கீபோர்டு லேஅவுட் பட்டியலிலேயே தமிழ்99 என்று ஒன்று கண்ணில் படும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் பலர், "லினக்ஸில் தமிழ் சரியாக வரவில்லை" என்கிறார்கள். அது விசைக்கு ஓர் எழுத்து என்று வைக்கும் வெறும் அட்டவணை. தமிழ்99-இன் உயிரே அதன் விதிகளில் இருக்கிறது: அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழுந்து, இரண்டாவது ம-வோடு ஆ சேர்ந்து "அம்மா" வர வேண்டும். இதற்கு சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவி, இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை லாக்அவுட் செய்து வாருங்கள். பிறகு ஐபஸ் பிரிஃபரன்சஸில் தமிழ் என்பதன் கீழ் தமிழ்99-ஐச் சேர்க்கலாம். அம்மா என்று ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியவர்களுக்கு அதே பட்டியலில் ஃபொனெட்டிக் இருக்கிறது.

பழைய ஆவணங்களைத் திறக்கும்போது இரண்டு சிக்கல்கள் வரும். லதா எழுத்துருவில் அடித்த கோப்பு, லினக்ஸில் அந்த எழுத்துரு இல்லாததால் நோட்டோ அல்லது லோஹித் தமிழுக்கு மாறும். எழுத்து தெரியும், ஆனால் அகலம் வேறு என்பதால் பக்கங்கள் நகரும். அச்சுக்குப் போக வேண்டியதை விண்டோஸில் இருக்கும்போதே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றிச் சேமிப்பதே நிரந்தரத் தீர்வு. எந்த நிறுவனத்தின் எழுத்துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் யூனிகோடு கோப்பைப் படிக்க முடியும்.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது

இரண்டு மாதம் தொடாமல் வையுங்கள். மறந்துபோன ஏதோ ஒரு கோப்பு அதற்குள் நினைவுக்கு வரும். சாட்டா-யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டுச் செருகினால் எடுத்துக்கொள்ளலாம். அதன் பிறகு டிஸ்க்கை லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மட் செய்து, சிஸ்டத்தின் அன்றைய நிலையை ஸ்னாப்ஷாட்டாகச் சேமிக்கும், மின்ட்டில் உள்ள டைம்ஷிஃப்டுக்குக் கொடுங்கள். வாரம் ஒரு ஸ்னாப்ஷாட், மூன்று போதும். டைம்ஷிஃப்ட் சிஸ்டத்தை மட்டும்தான் காக்கும். உங்கள் படங்களையும் ஆவணங்களையும் அதே டிஸ்க்கில் வேறொரு கோப்புறையில் நீங்கள்தான் காப்பி எடுக்க வேண்டும்.